யாழ்ப்பாணம் அழகாக இருந்ததாமே, போர் அதை என்ன செய்தது?

கேள்வி: தைப்பிங் வாசகர், பிப்ரவரி 3

பள்ளி விடுமுறைக்கு இலங்கை போகலாம் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். யாழ்ப்பாணம் ஒரு காலத்தில் எவ்வளவு அழகான ஊர் என்று என் மாமனார் சொல்லிக்கொண்டே இருப்பார். இருபத்தாறு ஆண்டுப் போருக்குப் பிறகு அங்கே பார்க்க என்ன இருக்கப்போகிறது என்பது என் எண்ணம். சண்டைதான் எப்போதோ முடிந்துவிட்டதே, எல்லாம் பழையபடி ஆகியிருக்கும் என்கிறாள் மனைவி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 9.50

இரண்டு பேர் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். ரயில் ஓடுகிறது, நூலகம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது, நல்லூரில் தேர் இழுக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து "பழையபடி ஆகிவிட்டது" என்று சொல்கிறவர்களை இங்கே மலேசியாவிலேயே பார்த்திருக்கிறேன். ஒன்றுமில்லை என்பதும் அநியாயம். அந்த மாவட்டத்தில் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, காலை 6.30

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அங்கேயே வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவன். நிலத்தைப் பார்த்தே வாழ்ந்தவன் என்பதால் ஒரு ஊரின் அழகு என்றால் என் கண் முதலில் மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் போகும்.

எங்கள் தோட்டத்துக் கிராணியார், அதாவது ஆபீஸ் கணக்கர், யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை ரயில்வேக்கும் ஆஸ்பத்திரிக்கும் தோட்ட ஆபீசுக்கும் வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்தான். அவர்கள் அனுப்பிய பணத்தில் அங்கே வீடுகள் எழும்பின. வேலை முடிந்து திரும்பியவர்களை அந்த ஊரில் மலாயன் பென்சனியர் என்று அழைத்தார்கள். எங்கள் கிராணியாரும் அப்படித் திரும்பிப் போனவர்தான்.

விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் தன் வீட்டுக்குப் பின்னால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அவர் வருவார். நாளெல்லாம் மழை பெய்கிற நாட்டில் எதற்கு ஐயா தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று என் அப்பா கேட்பார். "எங்கள் ஊரில் ஆறு கிடையாது. ஊற்றிப் பழகிய கை சும்மா இருக்காது" என்பார்.

அந்தப் பதிலில் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையை அடியிலிருக்கும் சுண்ணாம்புக்கல் தேக்கிவைக்கும். மற்ற மாதங்களில் கிணறுதான். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றமரமான துலாவில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் நீர் அள்ளும் பட்டையைக் கவிழ்க்க, பையனோ பெண்ணோ வாய்க்காலை மாற்றிவிட, அப்படித்தான் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வந்தன. வேலியில் நிற்கும் கிளுவையும் பூவரசும்கூட வேலிக்கு மட்டும் அல்ல. அவற்றின் குழையை வெட்டிப் புகையிலைத் தோட்டத்து மண்ணில் உரமாகப் புதைப்பார்கள். பின்னிய தென்னோலையால் ஆன கிடுகு வேலியை ஆண்டுதோறும் மாற்றி அடைப்பார்கள்.

சுற்றுலாக்காரர்கள் பசுமை என்று சொன்ன அந்தப் பசுமை ஒவ்வொரு நாள் விடியற்காலையிலும் கையால் செய்யப்பட்டது. கை நின்றால் அதுவும் நிற்கும். போர் என்ன செய்தது என்பதை இங்கிருந்து பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 4, இரவு 8.15

கோலக்கங்சார் அன்பர் துலா எல்லாம் எந்தக் காலத்துக் கதை, அறுபதுகளிலேயே தண்ணீர் பம்பு வந்துவிட்டதே என்கிறார். வந்தது. அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1970க்குப் பிறகு இலங்கைப் பிரதமர் சிறிமாவோவின் அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் பணம் புரண்டது அப்போதுதான். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்ததும் விலை விழுந்தது. உங்கள் மாமனார் சொல்லும் "அழகான காலம்" பெரும்பாலும் அந்த ஏழெட்டு ஆண்டுகளாகத்தான் இருக்கும். எந்த ஆண்டு பார்த்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பம்பு என்றதும் இன்னொன்று. பம்புக்கு மண்ணெண்ணெய் வேண்டும். தொண்ணூறுகளில் அரசு வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டபோது அந்த மண்ணெண்ணெய்தான் கிடைக்காமல் போனது.

பிப்ரவரி 6, காலை 7.00

போரைப் பற்றி எழுதுகிறவர்கள் சண்டைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். நான் நிலத்துக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்கிறேன்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட. முழுப் போர் தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1983 ஜூலையில். ஆகவே போருக்கு முந்திய அழகிய காலம், பிந்திய பாழ் என்று கோடு கிழிப்பது கடினம். தீ முன்னாலேயே வந்துவிட்டது.

1990 ஜூனில் கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் நின்றது. பிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பெயர்த்துப் பங்கர் கட்டினார்கள், இராணுவமும் விடுதலைப் புலிகளும், இரு தரப்பும். பனை மரங்களுக்கும் அதே கதி. ஒரு பனை காய்க்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதை வெட்டிப் பங்கருக்குக் கூரையாகப் போட அரை நாள் போதும். நான் ரப்பர் மரத்தோடு வாழ்ந்தவன், நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்து பால் எடுப்பவன். பனங்குற்றிகள் அடுக்கிய காவலரணை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இன்னும் அடக்க முடியவில்லை.

அதே 1990இல் குடாநாட்டின் வடகரையிலுள்ள வலிகாமம் வடக்கு காலியானது. பலாலி விமானத் தளத்தைச் சுற்றி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். காங்கேசன்துறையில் 1950இலிருந்து ஓடிய சிமெண்ட் தொழிற்சாலை மூடப்பட்டது. மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் உள்ளே மாட்டிக்கொண்டது. ஆனையிறவில் உப்பளம் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அதற்கும் முன்பே நின்றுவிட்டது.

தடை ஆண்டுகளில் சோப்பு, பேட்டரி, சிமெண்ட், எரிபொருள் எதுவும் சுலபமாக வடக்கே போகாது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பழைய ஒஸ்டின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதைச் சாமர்த்தியம் என்று சிலர் புகழ்ந்து எழுதுகிறார்கள். சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறையின் மூளை முழுவதும் விளக்குத் திரியை மிச்சம் பிடிப்பதில் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

1995 அக்டோபர் 30. வலிகாமத்திலிருந்து கிட்டத்தட்ட ஐந்து இலட்சம் பேர், சண்டை நெருங்க, மழையில், நாவற்குழிப் பக்கமாகக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தார்கள். குடாநாட்டின் தோட்டக்காரர்கள் பாதிக்கு மேல் ஒரே இரவில் தங்கள் கிணற்றை விட்டுப் போனார்கள். நடுகைக்கான காலம் அது.

பிப்ரவரி 6, பிற்பகல் 1.10

அக்டோபர் 1990ஐ நான் எழுதவில்லை என்று ஈப்போ நண்பர் சுட்டினார். அது தனியாக எழுத வேண்டியது என்பதால் வைத்திருந்தேன். வடக்கிலிருந்த முஸ்லிம்கள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணி நேர அவகாசம்தான். தமிழ் பேசுகிறவர்கள். தையற்கடையும் நகைக்கடையும் இரும்புக்கடையும் வைத்திருந்தவர்கள். அந்தத் தெருக்களின் சந்தடி அவர்களோடு போனது.

"இதை எதற்கு இப்போது இழுக்கிறீர்கள், நம்மவர் கெட்ட பெயரை நாமே சொல்லலாமா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சொல்வேன். அழகான நாடு எப்படி மாறியது என்று கேட்டால் யாரால் எல்லாம் மாறியது என்று சொல்லியாக வேண்டும்.

பிப்ரவரி 7, இரவு 10.20

கிள்ளான் வாசகரின் குறிப்பு இந்தப் பக்கத்தில் வந்தவற்றிலேயே கனமானது. "யாருக்கு அழகாக இருந்தது?" என்று கேட்கிறார். அவருடைய பாட்டி அந்த ஊரில் கிணற்றடிக்குப் போக முடியாத குடும்பமாம். யாராவது ஊற்றும் வரை குடத்தோடு நிற்க வேண்டுமாம்.

இதற்கு மறுப்பே இல்லை. நான் கிணறு கிணறு என்று எழுதுகிறேன், அந்தக் கிணற்றில் யார் கயிறு விடலாம் என்பதற்கு அங்கே கணக்கு இருந்தது. எங்கள் கிராணியார் நல்லவர், ஆனால் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் அவர் வீட்டுப் படிக்கு மேல் ஏறியதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினார்கள், வாசலில் தடுத்தார்கள். அதே மாவிட்டபுரம் 1990இல் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. குண்டுக்குக் கோயிலும் தப்பவில்லை. அதன்பின் பல ஆண்டுகள், உள்ளே போகலாம் என்றிருந்தவர்களும் போக முடியவில்லை.

வலிகாமம் வடக்கிலிருந்து போனவர்களில் முகாமில் கடைசிவரை கிடந்தவர்கள் யார் என்று பாருங்கள். காணியும் வெளிநாட்டில் பிள்ளையும் இருந்தவன் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்டான். மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் இருபத்தைந்து ஆண்டு தகரக் கூரைக்குக் கீழே இருந்தவர்கள் கூலி வேலைக்காரர்களும் கடல் தொழிலாளர்களும். போர் பழைய ஏற்றத்தாழ்வை அழித்துவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

பிப்ரவரி 9, காலை 6.45

நமக்குப் போர் தெரியாது என்று எழுதுகிற இளையவர்களுக்கு. கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டை நம் ஊரில்தான் தொடங்கியது. 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் அருகே மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டோரம் இருந்த ஐந்து இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். தோட்டங்களிலும் சிதறியிருந்த லயங்களை ஒன்றாக்கி முள்வேலி போட்டார்கள். வேலைக்குப் போகும்போது கைச்சோறு கொண்டுபோகக்கூடாது, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சோதனை. அதனால் பசியோடு பால்மரம் வெட்டியதை என் அம்மா சாகும்வரை சொன்னார்.

அதற்கு முன் ஜப்பான்காரன் காலத்துச் சயாம் மரண ரயில் வேறு. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கூட்டிப்போனார்கள். எங்கள் லயத்தில் ஆண் இல்லாத வீடுகள் ஒரு வரிசையே இருந்தது.

ஆனால் நாம் எழுந்தோம். ஏன்? நான் யோசித்துப் பார்த்த வரையில், ஆட்கள் அதே நிலத்தில் இருந்தார்கள். முள்வேலிக்குள் இருந்தாலும் மறுநாள் காலை அதே மரத்துக்குத்தான் போனார்கள். கொரியப் போரால் 1950, 51இல் ரப்பர் விலை ஏறியது. பன்னிரண்டு ஆண்டில் முடிந்தது. அங்கே இருபத்தாறு ஆண்டு. துலா மிதித்தவரின் மகன் வாய்க்கால் மாற்றக் கற்கும் வயதில் ஊரைவிட்டுப் போய், தன் மகனுக்கு வேறு நாட்டில் பெயர் வைத்துவிட்டான். தொழில் கைமாறும் இடத்திலேயே அறுந்துவிட்டது.

பிப்ரவரி 10, இரவு 9.00

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். "நாம் எழுந்தோம்" என்பதோடு நிறுத்த மனம் வரவில்லை. ஐம்பதுகளிலிருந்தே தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போகையில் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியது அதனால்தான். பிறகு செம்பனை, பிறகு வீடமைப்பு. நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்று கடை வரிசை. குண்டு விழாமலே போனது.

இரண்டும் ஒன்று என்று பாசிர் சாலாக் வாசகர் எழுதியிருப்பதை ஏற்கமாட்டேன். நான் இன்று நினைத்தாலும் மோட்டார் சைக்கிளில் அந்த இடத்துக்குப் போய் நிற்கலாம். யாரும் துப்பாக்கியை நீட்டமாட்டார்கள், கால் வைத்தால் மிதிவெடி வெடிக்காது. தன் வீட்டுக் கூரை வேலிக்கு அப்பால் தெரிய, இருபத்தைந்து ஆண்டு போக முடியாமல் இருப்பது வேறு.

பிப்ரவரி 13, காலை 7.20

நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2002இல் போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலை திறந்தபிறகு கிராணியாரின் மகளோடு போனேன். அவர் ஈப்போவில் இருக்கிறார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஓமந்தையில் ஒருமுறை, முகமாலையில் ஒருமுறை, இரு தரப்பும் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். முகமாலையில் சாலையின் இரு பக்கமும் தலையில்லாத பனைகள். நானூறு ஐந்நூறு அடி தள்ளி மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். அதைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது. தெல்லிப்பழையில் அக்காவின் காணி இருந்த ஒழுங்கைக்கு முன்னாலேயே முள்வேலி. ஒரு சிப்பாய், மிகவும் சின்னப் பையன், கையால் திரும்பிப் போகச் சொன்னான். அக்கா ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். பஸ்ஸில்தான் கோபப்பட்டார், என்மேல். "நீ ஏன் அவனிடம் பேசவில்லை" என்றார். எந்த மொழியில் பேசுவேன்?

2006 ஆகஸ்டில் சாலை மறுபடி மூடியது. 2009 மேயில் போர் முடியும்வரை நடந்ததை எல்லோரும் அறிவீர்கள்.

ரயில் 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அதன்பின் போனபோது முகமாலையில் தலைக்கவசமும் மார்புக்கவசமும் போட்ட பெண்கள் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மிதிவெடி அகற்றும் குழு. பலர் கணவனை இழந்தவர்கள். நான் வாழ்நாளில் பார்த்த நிலவேலைகளில் அதைவிடப் பொறுமையானது இல்லை. பால்மரத்தில் பட்டை சீவும் கை நேர்த்தியைப் பெருமையாகப் பேசுவோம். அந்தப் பெண்களுக்கு ஒரு தவறுக்கும் இடமில்லை.

பிப்ரவரி 13, மாலை 6.00

குடாநாட்டுக்குத் தெற்கே இருக்கும் வன்னியைப் பற்றி யாருமே கேட்கவில்லை, யாழ்ப்பாணத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நமக்கு நெருக்கமானவர்கள் அங்கேதான் இருந்தார்கள். நம் தாத்தாமார் மலாயாவுக்குக் கப்பலேறியபோது அதே ஊர்களிலிருந்து இலங்கைத் தேயிலைக்குப் போனவர்களின் பிள்ளைகள். 1948இல் குடியுரிமை பறிபோனது, 1964 ஒப்பந்தத்தில் அவர்களை இரண்டு அரசுகள் பங்கு போட்டன. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறினார்கள். போரின் கடைசி மாதங்களில் அவர்கள் தலைமேல்தான் பீரங்கிக் குண்டு விழுந்தது. அந்த மாதங்களில் இறந்த பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011இல் சொன்னது. உயிர் தப்பிய ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மெனிக் பாம் முதலான முகாம்களில் முள்வேலிக்குள்.

கிராணியார் வீட்டுக் கதைக்குப் பத்திரம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. இவர்களில் பலருக்குக் காணிக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

பிப்ரவரி 17, காலை 8.00

தைப்பிங் அன்பரே, போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். கொழும்பிலிருந்து ரயிலில் போனால் ஆனையிறவில் நீரேரியும் உப்பளமும் தெரியும். உப்பளம் 2017இல் மறுபடி ஓடத்தொடங்கியது. கீரிமலைக் கேணியில் குளிக்கலாம், கடலுக்கு ஓரடி தள்ளி நல்ல தண்ணீர். நிலாவரைக் கிணற்றைக் காட்டுங்கள். மயிலிட்டிக்குப் போங்கள், 2017இல் விட்டுக்கொடுத்தார்கள். மீன்பிடிக்கிறவர்களிடம் பேசிப்பாருங்கள். போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடை, போர் முடிந்தபின் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அடிக்கடலைச் சுரண்டுகின்றன. இதைச் சொல்லும்போது அவர்கள் குரல் தாழ்வதில்லை.

கிளிநொச்சியில் விழுந்துகிடக்கும் தண்ணீர்த் தாங்கியைப் போர் நினைவுச் சின்னமாகக் காட்டினார்கள். அதன் முன்னால் படம் எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அதே ஊரில் 2017 பிப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சாலையோரம் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருப்பவர் முன்னால் சுற்றுலா நடத்த முடியாது.

தண்ணீரைக் கேட்டுக் குடியுங்கள். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து பெரிய வழக்கானது. அது போர் முடிந்தபின் வந்த கேடு.

பிப்ரவரி 20, இரவு 9.30

என் பெட்டியில் ஒரே கேள்வி பல பேரிடமிருந்து: "தாத்தா மலாயாவில் வேலை செய்து வாங்கிய காணி யாழ்ப்பாணத்தில் இருக்கிறதாம், என்ன செய்வது?"

அக்காவின் காணி 2018 வாக்கில் விடுவிக்கப்பட்ட பகுதியில் வந்தது. போனோம். வீடு இல்லை. புல்டோசர் போட்டு வேலி, மதில், ஒழுங்கை எல்லாவற்றையும் ஒன்றாக்கியிருந்தார்கள். ஆளுயரப் பற்றை. எது யாருடையது என்று ஊரில் மிஞ்சிய பெரியவர்களே திணறினார்கள். கடைசியில் கிணற்றை வைத்துத்தான் பிடித்தோம். கிணற்றுக்கட்டில் கிராணியார் பெயரின் முதல் எழுத்தும் ஆண்டும் சிமெண்டில் பொறித்திருந்தது. நில அளவையாளர் அதிலிருந்து நூல் பிடித்தார். நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர். இப்போது பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று அதில் வெங்காயம் போடுகிறது. அக்காவுக்கு வாடகை வேண்டாம். கிணற்றை இறைத்துத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் பேச்சு.

உங்களுக்குச் சொல்வது: காணி உறுதி என்ற நிலப் பத்திரம் இருந்தால் முதலில் நகல் எடுத்து வையுங்கள், மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். அந்நாட்டுச் சட்டப்படி வேறொருவர் பத்து ஆண்டு இடையூறின்றி ஆண்டால் உரிமை கேட்க முடியும். போரால் வர முடியாதவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள், உங்களுக்கு அது உதவுமா என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேளுங்கள். பிறகு உறுதியில் எல்லைகளை எழுதியிருக்கும் பகுதியைப் படியுங்கள். வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே இன்னாருடையது, மேற்கே ஒழுங்கை என்று இருக்கும். அந்தப் பெயர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் டொரண்டோவிலோ பாரிசிலோ நம் ஈப்போவிலோ இருப்பார்கள். ஒருவர் உறுதி மட்டும் இருந்தால் எல்லை தெரியாது, நாலு பேருடையதும் சேர்ந்தால் ஒழுங்கை எங்கே போனது என்று வரைந்துவிடலாம். தெல்லிப்பழை, மயிலிட்டி, காங்கேசன்துறை உறுதிகள் வைத்திருப்பவர்கள் ஊர்ப் பெயரையும் காணிப் பெயரையும் மட்டும் இங்கே எழுதுங்கள். அக்கா தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தயாராக இருக்கிறார்.